கிளை நூலகத்தில் நிகழ்ச்சி நடத்தும் முறை

வேலூர் தொடங்கி வாணியம்பாடி வரையில், தோல் பதனிடுவதையும் காலணி தைப்பதையும் ஜீவனமாகக் கொண்ட ஊர்களில் ஏதேனும் ஒன்றில் வசித்துக்கொண்டு, தம் தெருவுக்கு அண்மையிலுள்ள கிளை நூலகத்தில் ஒரு நிகழ்ச்சியைத் தாமே முன்நின்று நடத்த வேண்டும் என்ற விருப்பத்தோடிருக்கும் வாசகரை மனத்திற்கொண்டே இவ்வத்தியாயம் எழுதப்படுகிறது. அவர் பட்டம் பெற்றவராகவோ மேடைப் பழக்கம் உள்ளவராகவோ இருக்க வேண்டிய அவசியமில்லை. ஷூ கம்பெனியில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணாகவோ, ஓய்வு பெற்ற ஆசிரியராகவோ, போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் இளைஞராகவோ இருக்கலாம்.

நூலகம் யாருடையது என்பதைப் பற்றி மட்டும் ஆரம்பத்திலேயே தெளிவு வேண்டும். 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவில் இவ்வகைச் சட்டங்களுள் முதலாவதாகும். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் இடைவிடாத பிரயத்தனமும், அக்காலத்துக் கல்வியமைச்சர் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியாரின் உறுதியும் சேர்ந்து அதனைச் சாத்தியமாக்கின. அச்சட்டத்தின் பயனாகவே உள்ளாட்சிகள் வசூலிக்கும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துப் பெறப்பட்டு, நூல்களுக்கும் கட்டடங்களுக்கும் செலவாகிறது. ஆகையால், ஊரார் பணத்தில் நிற்கும் அக்கட்டடத்தினுள் ஊராரின் காரியமாக நுழைவதற்கு நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.

நிகழ்ச்சியின் பயனை எவ்விதம் அளப்பது என்பதில் எனக்கு உறுதியான ஓர் அபிப்பிராயம் உண்டு. அன்றைய மாலையில் எத்தனை நூல்கள் அலமாரியை விட்டு இறங்கி வீடுகளுக்குச் சென்றன என்பதே அளவுகோல். மாலையும் சால்வையும் ஒலிபெருக்கியுமாக நூறு பேர் கூடிக் கலைந்து ஒரு நூலும் இரவல் போகாத விழாவைக் காட்டிலும், எட்டுப் பேர் வந்து ஐந்து நூல்களை எடுத்துச் சென்ற கூட்டம் மேலானது. பின்வரும் முறைகள் எல்லாம் இந்த ஒரு நோக்கத்தை ஒட்டியவை.

தொடங்குவதற்கு முன்

1. ஒரு வார காலம் வெவ்வேறு வேளைகளில் நூலகத்தில் சென்று உட்காருங்கள். யார் எப்பொழுது வருகிறார்கள், எந்த மூலையில் வெளிச்சம் இருக்கிறது, எந்த மின்விசிறி ஓடவில்லை என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மௌனத்தை நம்பியே வருகின்ற போட்டித் தேர்வு மாணவர்களை எவ்வகையிலும் பகைத்துக்கொள்ளலாகாது. அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி, அவர்களுக்கு இடையூறில்லாத வேளையைக் கேட்டறியுங்கள். அவர்களிலேயே உங்களுக்கு உதவியாளர்கள் கிடைக்கக்கூடும்.

2. நூலகரைச் சந்தியுங்கள். கிளை நூலகங்கள் பலவற்றில், கதவைத் திறப்பது முதல் நாளிதழ்களை அடுக்கி, இரவல் கொடுத்து, கணக்கெழுதிப் பூட்டுவது வரையில் யாவற்றையும் ஒருவரே செய்கிறார். அவருக்கு மேலும் ஒரு சுமையைக் கொண்டு செல்லாமல், நாற்காலி போடுவதையும் கூட்டிப் பெருக்குவதையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்ற உறுதியோடு செல்லுங்கள்.

3. வாசகர் வட்டம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் அதில் சேருங்கள். பெயரளவில் இருந்தால் அதனை எழுப்புங்கள். புதிதாக ஒரு மன்றம் தொடங்கி அதற்குத் தலைவர் தேடுவதில் காலத்தை விரயம் செய்யாதீர்கள்.

4. நூலகரின் வழியாக மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நாள், நேரம், பொருள், பேசுவோர் பெயர், எதிர்பார்க்கும் எண்ணிக்கை, செலவை ஏற்பவர் ஆகிய ஆறும் அதில் இருக்க வேண்டும். கட்சிப் பிரசாரமோ, மதப் பிரசாரமோ, பண வசூலோ நடைபெறாது என்று ஒரு வரி சேருங்கள். ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். 2019-ஆம் ஆண்டு வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பின், ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரையும், மேல்விஷாரமும் வாலாஜாவும் இராணிப்பேட்டையையும் சேர்ந்துவிட்டன. குடியாத்தமும் பேரணாம்பட்டும் வேலூரிலேயே இருக்கின்றன. ஆகவே கடிதம் எந்த அலுவலகத்திற்குப் போக வேண்டும் என்பதை நூலகரிடமே கேட்டு எழுதுங்கள்.

*குறிப்பு:* ஊர்ப் பிரமுகர் எவரேனும் பணம் தருவதாகச் சொன்னால், அதனைக் கையில் வாங்காதீர்கள். ரூபாய் 1,000 செலுத்தி நூலகப் புரவலராகும் வழி நெடுங்காலமாக உண்டு. அவரை அவ்வழியில் சேர்த்து, இரசீதையும் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

நாளும் நேரமும்

இப்பகுதியில் நிகழ்ச்சிகள் பழுதாவதற்கு முதற்காரணம் பொருளோ பேச்சாளரோ அல்ல, நேரமே. சங்கு ஊதும் வேளையைக் கொண்டே நாட்கள் நகர்கின்ற ஊர்கள் இவை. காலை விடிந்ததும் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி வேன்கள் வருகின்றன. இருட்டும் தறுவாயில் திரும்புகின்றன. வேனில் வருகின்ற பெண், வேனைத் தவறவிட்டு உங்கள் கூட்டத்திற்கு வரப்போவதில்லை. வர வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதும் நியாயமாகாது. எனவே வார நாள் மாலைகளை மாணவர்களுக்கும் முதியோருக்கும் விட்டுவிட்டு, தொழிலாளரை ஞாயிற்றுக்கிழமைக்கு அழையுங்கள். கிளை நூலகங்களுக்கு வழக்கமாக வெள்ளிக்கிழமையே வார விடுமுறையாதலால், ஞாயிற்றுக்கிழமை கதவு திறந்திருக்கும் என்பது நமக்குப் பெரிய அனுகூலம்.

ஆயினும் ஞாயிறு காலை பத்து மணி என்று அச்சிட்டுவிடாதீர்கள். வாரம் முழுவதும் சேர்ந்த துணியைத் துவைப்பதும், குழந்தைகளுக்கு எண்ணெய் தேய்த்து முழுக்காட்டுவதும், கறி வாங்கிச் சமைப்பதும் அந்தக் காலைப் பொழுதில்தான். ஆண்கள் வருவார்கள், பெண்கள் வரமாட்டார்கள்; பிறகு 'பெண்களுக்கு வாசிப்பில் நாட்டமில்லை' என்று யாரேனும் சொல்லிவிடுவார்கள். மாலை மூன்றரை மணிக்கும் ஐந்து மணிக்கும் இடைப்பட்ட நேரமே தக்கது. உங்கள் நூலகம் அவ்வேளையில் மூடியிருக்குமாயின், கடிதத்திலேயே அதனைத் திறந்து வைக்க அனுமதி கேளுங்கள்.

ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் வேளைக்கு ஒரு மணி நேரம் முன்பாகவே யாவும் முடிந்துவிட வேண்டும். குடிநீரை அப்பொழுதும் வையுங்கள், ஆனால் தின்பண்டம் பரிமாறாதீர்கள். குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. சுற்றுப்பட்டுக் கிராமங்கள் எல்லாம் அங்கே போய்விடும். சித்திரையிலும் வைகாசியிலும் வேலூரின் வெயில் 40 பாகையைத் தாண்டுவது சகஜம். தளம் காய்ந்த சிற்றறையில் குழந்தைகளை அடைத்து வைப்பது அபாயம் என்பதால், அம்மாதங்களில் காலை வேளையையோ, வேப்பமர நிழலையோ நாடுங்கள்.

வாசித்துக் காட்டும் மாலை

ஒரேயொரு நிகழ்ச்சிதான் நடத்த முடியும், எதனை நடத்தலாம் என்று ஒருவர் என்னிடம் கேட்டால், இதனையே செய்யச் சொல்வேன். நாள் முழுவதும் ஊசி முனையையே உற்று நோக்கித் தோலைத் தைத்துவிட்டு வருகின்றவரின் கண்கள், மாலையில் பொடி எழுத்தைக் கண்டு பின்வாங்குவது இயல்பு. அவருடைய செவிகளோ ஓய்வாகவே இருக்கின்றன. கியூபா தேசத்தின் ஹவானா நகரத்தில், 1865-ஆம் ஆண்டு முதலாகச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் ஒருவர் உயர்ந்த ஆசனத்தில் அமர்ந்து செய்தித்தாளையும் நாவல்களையும் உரக்க வாசிக்க, தொழிலாளர் சுருட்டிக்கொண்டே கேட்டார்கள். வாசிப்பவருக்கு அவர்களே தங்கள் கூலியிலிருந்து ஊதியம் தந்தார்கள். நமக்கு அண்மையில், கண்ணூர்ப் பக்கத்து பீடித் தொழிலாளரும் இவ்வாறே ஒருவரை வாசிக்க விட்டு, அவர் சுற்ற வேண்டிய பீடியைத் தாங்கள் பகிர்ந்து சுற்றிக் கொடுத்தார்கள். நூலகத்தில் நாம் செய்ய முற்படுவது அதன் எளிய உருவம்.

1. முதல் நாளுக்கு ஒரு சிறுகதையைத் தேர்ந்தெடுங்கள். நிதானமாக உரக்க வாசிக்கையில் நிமிஷத்திற்கு ஏறத்தாழ 100 சொற்கள் போகும். ஆகவே 1,500 சொற்களுக்கு மேற்பட்ட கதையை முதல் நாளில் எடுக்காதீர்கள்.

2. அந்த நூலின் இரண்டு மூன்று பிரதிகளேனும், அதே ஆசிரியரின் பிற நூல்களேனும் மேசைமீது இருக்கும்படி நூலகரிடம் முன்பே சொல்லி எடுத்து வையுங்கள். கேட்டு முடித்தவர் 'இந்தப் புத்தகம் கிடைக்குமா' என்று கேட்கும் கணத்தில், நூல் அவருடைய கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

3. வாசிக்கப் போகிறவர் வீட்டில் இருமுறை உரக்க வாசித்துப் பார்த்துவிட்டு வர வேண்டும். மூச்சு விடும் இடங்களைப் பென்சிலால், தம்முடைய நகலில் மட்டும், குறித்துக்கொள்ளலாம்.

4. நாற்காலிகளை வரிசையாகப் போடாமல் வட்டமாகப் போடுங்கள்; வயதானவர்களுக்குச் சுவரோரமாகச் சாய்மானமுள்ள இருக்கையை ஒதுக்குங்கள். பாய் விரித்தால் பெண்கள் குழந்தைகளோடு அமர்வதற்கு சௌகரியம்.

5. வாசித்து முடிந்ததும் கருத்துரைக்கும்படி எவரையும் வற்புறுத்தாதீர்கள். ஒருவர் பேசத் தொடங்கினால் இருபது நிமிஷம் பேச்சு. எவரும் பேசாவிட்டால் அடுத்த கதை.

6. கடைசிக் கால் மணி நேரத்தை உறுப்பினர் சேர்க்கைக்கும் இரவலுக்கும் ஒதுக்குங்கள். படிவத்தைப் பூர்த்தி செய்யத் தயங்குகிறவருக்கு அருகிலமர்ந்து எழுதிக் கொடுக்க ஒருவர் வேண்டும். காப்புத்தொகை எவ்வளவு என்பதை முன்னறிவிப்பிலேயே எழுதிவிட்டால், பணம் கொண்டு வராமல் வந்து வருந்துவோர் இரார்.

எதனை வாசிப்பது? இம்மண்ணின் நூல்களிலிருந்து தொடங்குவதே நலம். வாலாஜாவுக்கு அருகிலுள்ள வேலத்தில் வளர்ந்து, திருப்பத்தூரில் ஆசிரியராக இருந்த மு. வரதராசனாரின் 'அகல் விளக்கு', 1961-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவல். வாலாஜா அதில் கதை நிகழும் இடம் என்பதால், கேட்போர் தெருப்பெயர் வரும்போதெல்லாம் நிமிர்ந்து உட்காருவார்கள். பேரணாம்பட்டைச் சேர்ந்த அழகிய பெரியவனின் 'தகப்பன் கொடி'யும் சிறுகதைகளும் இத்தொழிலையும் இவ்வூர்ச் சாதி வாழ்வையும் நேரே எதிர்கொண்டு எழுதப்பட்டவை. அவற்றை வாசிக்கும் நாளில் பேச்சு சூடேறக்கூடும் என்பதால், நிதானமுள்ள ஒருவரை நடத்துநராக அமர்த்துங்கள், ஆனால் அவற்றைத் தவிர்த்துவிடாதீர்கள். நீண்ட நாவலை வாரம் ஓர் அத்தியாயமாகத் தொடர்வது மூன்றாம் மாதத்திற்குப் பிறகே பலிக்கும்.

*எச்சரிக்கை:* கதையை நகலெடுத்து எல்லோருக்கும் விநியோகிக்கும் எண்ணம் வந்தால், அது அரசுடைமையாக்கப்பட்ட நூல்தானா என்று பார்த்துக்கொண்டு செய்யுங்கள்.

குழந்தைகளுக்குக் கதை நேரம்

வீட்டில் உருதும் பள்ளியில் தமிழும் பேசுகின்ற குழந்தைகள் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் நிறைய உண்டு. கதை நேரத்தைத் தமிழில் மட்டும் நடத்தினால், அவர்களில் பாதிப்பேர் வாசற்படியோடு நின்றுவிடுவார்கள். ஒரு கதையைத் தமிழில் சொல்லியபின், அதனையே ஒரு பாட்டியம்மாள் உருதுவில் சொல்லட்டும். 'நானிம்மா, நீங்கள் ஒரு கதை சொல்லுங்கள்' என்று பேரப்பிள்ளையைக் கொண்டே அழைப்பித்தால் மறுக்கமாட்டார். இரு மொழிக் குழந்தைகளும் ஒரே இடத்தில் சிரிப்பதைக் கண்டபின் தாய்மார்கள் தாமாகவே வந்து அமர்வார்கள்.

பாதுகாப்பில் பின்வருவன கண்டிப்பானவை.

1. எக்காலத்தும் இரண்டு பெரியவர்கள் அறையில் இருக்க வேண்டும். அவர்களுள் ஒருவரேனும் பெண்ணாக இருக்க வேண்டும். ஒரு பெரியவர் தனியே குழந்தைகளோடு இருக்கும் நிலை எவ்விதத்திலும் ஏற்படலாகாது.
2. வரும் குழந்தையின் பெயர், தெரு, அழைத்துச் செல்ல வருபவரின் பெயர், தொலைபேசி எண் ஆகியவற்றைப் பதிந்துகொள்ளுங்கள். பதிவில் இல்லாதவரோடு, அவர் மாமா என்றாலும் சித்தப்பா என்றாலும், அனுப்பாதீர்கள்.
3. பெற்றோர் சம்மதமின்றிப் புகைப்படம் எடுத்துப் பரப்பாதீர்கள்.
4. உயர்ந்த அலமாரிகள் சுவரோடு இறுக்கப்பட்டிருக்கின்றனவா என்று அசைத்துப் பாருங்கள். குழந்தைகள் கீழ்த்தட்டுகளில் ஏறுவது நிச்சயம்.
5. பெருஞ்சாலையோரத்து நூலகமாயின், கூட்டம் கலையும்போது வாசலில் ஒருவர் நின்று, இருவர் இருவராக வெளியே விடட்டும்.

குத்துவிளக்கேற்றும் வழக்கத்தை நூல் அலமாரிகளுக்கருகில் கைவிட்டுவிடுங்கள். எண்ணெயும் சுடரும் காகிதமும் ஓரிடத்தில் வேண்டா. தின்பண்டத்தை வராந்தாவிலேயே கொடுத்து, கையைக் கழுவச் செய்து உள்ளே அனுப்புங்கள். சிந்திய சர்க்கரையைத் தேடி எறும்பும் கரப்பானும் வந்தால், அவை நூல்களையும் விட்டுவைப்பதில்லை.

நூல் பழுதுபார்க்கும் பட்டறை

கையால் தைப்பதில் தேர்ந்தவர்கள் தெருவுக்குத் தெரு வாழ்கின்ற இப்பிரதேசத்தில், கிழிந்த நூல்கள் மூலையில் குவிந்து கிடப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் காட்சி. ஒரு ஞாயிறு மாலை, தையல் தெரிந்த நாலைந்து பேரை 'அக்கா, அண்ணா, நீங்கள்தான் கற்றுத்தர வேண்டும்' என்று அழைத்துப் பாருங்கள். நூலகத்திற்கு வந்து பிறரோடு அமர்ந்து கேட்பதற்குக் கூசுகின்ற தொழிலாளர், தம் கைத்திறனைக் காட்டுவதற்கு நிமிர்ந்து வருவார்.

1. எந்த நூல்களைத் தொடலாம் என்ற பட்டியலை நூலகரிடம் எழுதி வாங்குங்கள். பழைய, அரிய நூல்களில் கை வைக்கவே வேண்டாம்.
2. மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, வெளியே கொண்டுபோய் உலர்ந்த தூரிகையால் தூசு தட்டுங்கள்.
3. கிழிந்த தாளை மெல்லிய தாள் கீற்றும் நீர்த்த மைதாப் பசையும் கொண்டு ஒட்டுங்கள். செலோடேப்பை ஒருநாளும் உபயோகிக்காதீர்கள். சில ஆண்டுகளில் அது பழுத்து, பிசின் கசிந்து, எழுத்தையும் கொண்டுபோய்விடும்.
4. பிரிந்த மடிப்புகளை அடுக்கி, முதுகோரத்தில் குத்தூசியால் சம இடைவெளியில் துளையிட்டு, மெழுகு தடவிய நூலால் தையுங்கள். ஷூ தைப்பவர் நூலை இழுக்கும் இறுக்கம் தோலுக்கு உகந்தது; காகிதம் அதனைத் தாங்காது. அவ்வளவும் இழுக்காமல், நூல் படிந்த அளவில் நிறுத்தும்படி தொடக்கத்திலேயே நயமாகச் சொல்லிவிடுங்கள்.
5. முதுகில் காலிகோ துணியை ஒட்டி, இரு பலகைகளுக்கிடையே வைத்து, மேலே பாரமேற்றி ஓரிரவு விட்டுவிடுங்கள்.

தோல் துண்டுகள் இலவசமாகக் கிடைக்கின்றனவே, அவற்றாலேயே கட்டிவிடலாமே என்று யாரேனும் சொல்லக்கூடும். இணங்காதீர்கள். ஆவாரம்பட்டையில் பதனிட்ட நம் பழைய சென்னை இராஜதானியின் ஆட்டுத்தோல், ஒரு காலத்தில் லண்டன் வரை சென்று புத்தகக் கட்டுக்கு உபயோகமாயிற்று. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகரத்துக் கலைச் சங்கம் அமைத்த குழு, தோற்கட்டு நூல்கள் செந்தூளாக உதிர்வதன் காரணத்தை ஆராய்ந்து, அவ்வகைப் பட்டைகளில் பதனிட்டவை விரைவில் சிதைவதாகக் கண்டு, சுமாக் இலையில் பதனிட்டதையே சிபாரிசு செய்தது. நூலுக்கென்று பதனிடாத தோலை நூலின்மேல் ஏற்றுவது பிரயோஜனமற்ற வேலை. துணுக்குகளைக் கொண்டு பக்க அடையாளப் பட்டைகள் வெட்டிக் கொடுங்கள், அதில் குழந்தைகளுக்கும் பெருமகிழ்ச்சி; வெட்டுமுன் ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்து, சாயம் ஒட்டினால் அத்துண்டைத் தள்ளிவிடுங்கள்.

*எச்சரிக்கைகள்:* கம்பெனிகளில் 'சொல்யூஷன்' என்று வழங்கும் பசையைப் பட்டறைக்குள் கொண்டு வரவே அனுமதியாதீர்கள்; அதன் ஆவி தலைசுற்றலைத் தரும், எளிதில் தீப்பற்றும். பைண்டிங் செய்வோர் பூச்சி அரிக்காமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. அது விஷமாகையால், குழந்தைகள் இருக்கும் இடத்தில் கலக்காதீர்கள். தோல் சீவும் கத்தி தெரிந்தவர் கையில் மட்டுமே இருக்கட்டும். எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். மிஞ்சிய துணுக்குகளை எரிக்கக் கூடாது. குரோம் முறையில் பதனிட்ட தோலின் புகையும் சாம்பலும் கேடு விளைவிப்பவை.

ஊர் வரலாற்று மேசை

இதற்குப் பேச்சாளர் வேண்டியதில்லை. ஒரு மேசையும் சில நூல்களும் போதும். ஜூலை 10 அன்று, 1806-ஆம் ஆண்டு வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த சரித்திரத்தை விளக்கும் நூல்களை வையுங்கள். அவர்களுக்கு விதிக்கப்பட்ட புதிய தலைப்பாகையில் தோலாலான குஞ்சம் இருந்தது கோபத்தின் காரணங்களுள் ஒன்று என்பதை ஓர் அட்டையில் எழுதி வைத்தால், தோல் தொழிலாளர் நின்று படிப்பார்கள். 1903-இல் பாலாற்று வெள்ளம் வாணியம்பாடியை அழித்ததும், தோல் கழிவால் பாலாறு கெட்டதைப் பற்றி 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் இம்மேசைக்குரிய பொருள்களே. கடைசியாகச் சொன்னதில் முதலாளியும் தொழிலாளியும் விவசாயியும் மூன்று திசைகளில் நிற்பவர்கள். ஆகவே தீர்ப்பின் தமிழ்ச் சுருக்கத்தை வைத்துவிட்டு, விவாதத்தை வேறொரு நாளுக்கு, மூவருக்கும் சம நேரம் என்ற நிபந்தனையோடு ஏற்பாடு செய்யுங்கள்.

ஆகஸ்டு 12 ரங்கநாதன் பிறந்த நாள். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வார விழா. அந்நாட்களில் மேலிடத்திலிருந்தே நிகழ்ச்சிகள் வருமாதலால், உங்கள் உழைப்பை மற்ற மாதங்களுக்குச் சேமித்து வையுங்கள்.

முடிந்த பின்

அன்றிரவே ஒரு குறிப்பேட்டில் நாள், வந்தோர் தொகை, அவர்களுள் பெண்கள் எத்தனை பேர், புதிய உறுப்பினர், இரவல் போன நூல்களின் பெயர் ஆகியவற்றை எழுதிவிடுங்கள். இரண்டு நாட்களுக்குள் அதன் நகலொன்றை நூலகர் வழியாக மாவட்ட அலுவலகத்திற்கு அனுப்பினால், அடுத்த அனுமதி எளிதில் கிடைக்கும்.

திரும்பி வராத நூல்களைப் பற்றிய கவலை நூலகருக்கு இருக்கும்; அதனை அலட்சியம் செய்யாதீர்கள். இரவல் பெற்ற பெண் வேறு கம்பெனிக்கு மாறியிருக்கலாம், வேறு வேனில் போகலாம், நூலகம் திறந்திருக்கும் வேளையில் ஊருக்குள் வர இயலாதவராக இருக்கலாம். அத்தகைய வாசகரை நாடி நூலகமே செல்வது புதிதன்று. 1931-இல் மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி, ரங்கநாதனைக் கொண்டு தொடங்கி வைத்து, கிராமங்களுக்கு அனுப்பினார். நமக்கு ஒரு பூட்டுப் பெட்டி போதும். வேன் நிற்குமிடத்துக் கடையில், கடைக்காரர் சம்மதத்தோடும் நூலகரின் எழுத்து மூலமான இசைவோடும், மேலே கீறல் வெட்டிய பெட்டியொன்றை வையுங்கள். திருப்பித் தரும் நூலை அதில் போட்டுச் செல்லட்டும். வாரம் இருமுறை வாசகர் வட்டத்தவர் ஒருவர் திறந்து, நூல்களை எண்ணி, நூலகரிடம் ஒப்படைத்துப் பதிவேட்டில் கையொப்பம் வாங்கிக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் பெட்டியைக் கடைக்குள்ளே நகர்த்திவிடச் சொல்லுங்கள்.